எழுதப் பழக்குதல்: ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை

தொடக்கப் பள்ளியில் எழுத்து வேலை என்ற பெயரில் நடப்பவற்றில் பெரும்பகுதி பார்த்து எழுதுதல்தான். கரும்பலகையில் இருப்பது நோட்டுக்கு வருகிறது. பாடநூலின் வரி, விடை என்ற பெயரில் வினாவுக்குக் கீழே வந்து உட்காருகிறது. பசுவைப் பற்றிய கட்டுரை வகுப்பின் எல்லா நோட்டுகளிலும் ஒரே சொற்களில் இருக்கிறது. இதனால் கையெழுத்து ஓரளவு சீராகலாம். எழுதும் திறன் வளர்வதில்லை. தன் மனத்தில் உள்ளதை, எதிரில் இல்லாத ஒருவர் படித்துப் புரிந்துகொள்ளும்படி தாளில் சொல்வதே எழுதுதல். அப்படிச் சொல்ல முயலும் குழந்தைக்கு ஒரே நேரத்தில் மூன்று வேலைகள் இருக்கின்றன. கை எழுத்தின் வடிவத்தை இட வேண்டும். எந்தச் சொல்லுக்கு எந்த எழுத்து என்று நினைவு தேட வேண்டும். சொல்ல வந்த செய்தியும் அதற்குள் நழுவிவிடக் கூடாது. ஏழு வயதில் மூன்றையும் ஒருசேரக் கேட்டால், குழந்தை முதலில் கைவிடுவது செய்தியைத்தான். மூன்றுக்கும் தனித்தனி நேரமும் தனித்தனித் திருத்தமும் வேண்டும் என்பதை அடிப்படையாகக் கொண்டே இந்த இயலில் வரும் பயிற்சிகள் அமைந்துள்ளன.

கை பழகும் காலம்

பென்சிலைக் கொடுத்த முதல் நாளே எழுத்தை எதிர்பார்ப்பது பயனற்றது. விரல்களின் சிறு தசைகள் ஐந்து, ஆறு வயதில்தான் வலுப்பெற்று வருகின்றன. களிமண் பிசைவது, புளியங்கொட்டைகளைப் பொறுக்கி வரிசையாக வைப்பது, காகிதம் கிழித்து ஒட்டுவது, புள்ளி வைத்துக் கோலம் போடுவது எல்லாமே எழுத்துக்கான பயிற்சிகள்தாம். திண்ணைப் பள்ளிக்கூடங்களில் குழந்தைகள் மணலில் விரலால் எழுதித்தான் தொடங்கினார்கள். அந்த முறை இன்றைக்கும் பொருத்தமானது. மணலில் பிழை நிற்காது. எழுத்தையும் பெரிதாக, கை முழுவதும் அசைய எழுதலாம். செயல்வழிக் கற்றல் காலத்தில் வகுப்பறைச் சுவர்களின் கீழ்ப்பகுதியில் பூசப்பட்ட கரும்பலகைகள் பல பள்ளிகளில் இன்னும் இருக்கின்றன. ஒன்றாம் வகுப்புக்கு அவை பெரிய வசதி. நின்றுகொண்டு சுண்ணக்கட்டியால் எழுதும்போது தோளிலிருந்து கை நகர்கிறது, விரல் நோகாது.

பென்சிலைப் பெருவிரலும் சுட்டுவிரலும் பிடிக்க, நடுவிரல் அடியில் தாங்க வேண்டும். நுனியை ஒட்டிப் பிடிக்கும் குழந்தைக்குக் கை விரைவில் களைத்துப்போகும். இடக்கைக் குழந்தையை வலக்கைக்கு மாற்றவே கூடாது. அதன் தாளை மேற்பக்கம் வலப்புறம் சாய்ந்திருக்கும்படி வைத்து, பலகையில் இடது ஓரத்தில் உட்கார வைத்தால், பக்கத்துக் குழந்தையின் முழங்கை இடிக்காது. எழுதியதைத் தன் கையாலேயே மறைக்கும் தொல்லையும் குறையும்.

படம் வரைவதை எழுத்துக்கு முந்திய வேலை என்று சொல்வதைவிட எழுத்தின் முதல் வடிவம் என்றே சொல்லலாம். குழந்தை வரைந்த படத்தைக் காட்டி "இது என்ன?" என்று கேட்டு, சொல்லும் பதிலை ஆசிரியர் அதன் கண்ணெதிரே படத்துக்குக் கீழே எழுத வேண்டும். வாயால் சொன்னது தாளில் நிற்கும், நாளைக்கும் அதையே படிக்கலாம் என்பது அப்போது குழந்தைக்குப் புரிகிறது. எழுத்தைப் பற்றிக் குழந்தை கற்கும் முதல் பாடம் இதுதான்.

எழுத்துகளின் வரிசை

247 எழுத்துகளையும் அட்டவணையில் காட்டி அ முதல் தொடங்குவது வழக்கம். வாயால் சொல்வதற்கு அந்த வரிசை நன்று. கையால் எழுதுவதற்கு அன்று. அ, இ இரண்டும் வளைவும் சுழியும் நிறைந்தவை; தொடக்கக் கைக்குக் கடினமானவை. வடிவம் எளிதாக இருப்பவற்றிலிருந்து தொடங்குவதே முறை. ட, ப இரண்டும் நேர்கோடுகளால் ஆனவை. ம, ய, ழ ஆகியவை அவற்றோடு வளைவு சேர்ந்து வருபவை. க, ச, த ஒரு குடும்பம். ல, வ, ன, ண, ள ஆகியவை சுழியில் தொடங்குபவை. ட, ப, ம ஆகிய மூன்று எழுத்துகளும் மெய்யின் புள்ளியும் தெரிந்தாலே படம், மடம், பட்டம், மட்டம் என்று நான்கு சொற்களை எழுதிவிடலாம். க, ல சேர்ந்தால் கல், பல், பகல், கடல், மடல், கட்டம் என்று பட்டியல் நீள்கிறது. துணைக்கால் ஒன்றைக் கற்றதும் பால், கால், பாடம், காகம் வந்துவிடும். இரண்டாவது வாரத்திலேயே குழந்தை பொருளுள்ள சொல்லை எழுத வேண்டும். ஒரே எழுத்தைப் பக்கம் முழுவதும் எழுதச் சொன்னால் மூன்றாவது வரியிலிருந்து வடிவம் கெடத் தொடங்கும். கெட்ட வடிவமே கையில் பழகிவிடும். ஒரு வரி எழுதச் சொல்லி, அதில் மிக நன்றாக வந்த எழுத்துக்குக் குழந்தையையே வட்டம் போடச் சொல்வது பலன் தரும்.

உயிர்மெய்க் குறிகளில் குழந்தைகள் தடுமாறும் இடங்களுக்குக் காரணம் உண்டு. 'கெ' என்று ஒலிக்கும்போது காதில் முதலில் விழுவது ககரம். ஆனால் கை முதலில் எழுதுவது கொம்பு. 'கொ' என்றால் குறி இரு பக்கமும் பிரிந்து நிற்கிறது. எனவே ஆகாரம், இகரம், ஈகாரம் நன்றாகப் படிந்த பிறகே கொம்புள்ள எழுத்துகளுக்குச் செல்ல வேண்டும். உகர வரிசைக்கு ஒரே குறி கிடையாது. சு, பு, யு, வு ஆகியவற்றில் கோடு கீழே இறங்குகிறது. து, நு, லு, று, னு, ணு ஆகியவற்றில் முடிவு வளைந்து மேலேறுகிறது. கு, டு, மு, ரு, ழு, ளு ஆகியவை தனிவகையாக வளைகின்றன. மூன்று குழுக்களாகப் பிரித்துக் கற்பித்தால் குழப்பம் பாதியாகக் குறையும். 'கௌ' என்பதில் வரும் குறி ளகரம் போலவே தோன்றுவதால் அதைக் கடைசிக்கு ஒதுக்கலாம். அந்த எழுத்து வரும் சொற்களும் சிலவே.

1978இல் தமிழ்நாடு அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது ணா, றா, னா, ணை, லை, ளை, னை உட்பட 13 எழுத்துகளின் வடிவம் மாறியது. அதற்கு முன் படித்த தாத்தா பாட்டிகள் சிலர் இன்றும் பழைய வடிவத்தையே எழுதுகிறார்கள். வீட்டில் அதைப் பார்த்துவிட்டு வந்து குழந்தை எழுதினால் தவறு என்று அடிக்காமல், அது பழைய வடிவம் என்று சொல்லிப் புதியதைக் காட்டினால் போதும்.

எழுத்துப்பிழையின் வேர்கள்

தொடக்க வகுப்புகளில் வரும் எழுத்துப்பிழைகள் பெரும்பாலும் கவனக்குறைவால் வருவன அல்ல. குழந்தை தான் பேசுவதை அப்படியே நேர்மையாக எழுதுகிறது. அதன் பேச்சில் காற்று காத்தாகவும், நேற்று நேத்தாகவும், கன்று கண்ணாகவும், ஒன்று ஒண்ணாகவும் இருக்கின்றன. இலை எலையாகவும், உலகம் ஒலகமாகவும், குடை கொடையாகவும் ஒலிக்கின்றன. முதலெழுத்தில் இகரமோ உகரமோ இருந்து அடுத்த எழுத்து அகரமோ ஐகாரமோ ஏறியதாக இருந்தால், பேச்சில் அந்த இகரம் எகரமாகவும் உகரம் ஒகரமாகவும் மாறுவது தமிழ்நாட்டில் பரவலான வழக்கு. இதை அறிந்த ஆசிரியர் 'எலை', 'எடம்', 'வெலை', 'ஒடம்பு' ஆகிய நான்கையும் நான்கு பிழைகளாக எண்ணமாட்டார். நான்கும் ஒரே பழக்கம். அவற்றைக் கரும்பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, எதிரே இலை, இடம், விலை, உடம்பு என்று எழுதினால், மாற்றம் எங்கே நிகழ்கிறது என்பதைக் குழந்தைகளே சுட்டுவார்கள். தாமே கண்டுபிடித்த விதி மறப்பதில்லை.

மயங்கொலிகளில் சில, விதியால் அடங்குபவை. சொல்லின் முதலில் வருவது தந்நகரம் மட்டுமே. டகரத்துக்கு முன் ண், றகரத்துக்கு முன் ன், தகரத்துக்கு முன் ந்: நண்டு, கன்று, பந்து. தமிழ்ச் சொல் எதுவும் றகரத்திலோ ளகரத்திலோ ழகரத்திலோ தொடங்காது. இந்த அளவு மூன்றாம் வகுப்புக் குழந்தைக்கு எட்டும். ல, ழ, ள வேறுபாட்டுக்கு விதி உதவாது. ழகரத்தை ளகரமாகவே ஒலிக்கும் ஊர்களில் காதும் உதவாது. அங்கே சொல்லையும் பொருளையும் கண்ணால் சேர்த்துப் பழக வேண்டும்: புலி, புளி, மலை, மழை, வால், வாள். வகுப்புச் சுவரில் படத்தோடு இவற்றை ஒட்டி, எழுதும் நேரத்தில் பார்க்க அனுமதிப்பது நல்லது. பார்த்து எழுதியே அந்தச் சொல் கைக்குப் பழகும்; அதைக் காப்பியடித்தல் என்று கருத வேண்டாம்.

சொல்வதை எழுதுதல் பயிற்சிக்குத் தனிச் சொற்களைவிடத் தொடர்கள் நல்லவை. 'வலி' என்று மட்டும் சொன்னால், ல, ழ, ள மூன்றும் மயங்கும் ஊரில் குழந்தை எதை எழுதும்? "பல் வலியால் தம்பி அழுதான்" என்றால் சந்தேகம் இல்லை. ஐந்து தொடர்கள் போதும். முடிந்ததும் ஆசிரியர் கரும்பலகையில் எழுத, குழந்தைகள் தங்கள் பிழையைத் தாங்களே அடிக்கோடிட்டு மேலே சரியாக எழுத வேண்டும். மதிப்பெண் வேண்டாம்.

வல்லினம் மிகும் இடங்களைத் தொடக்க வகுப்பில் விரிவாகப் புகுத்துவது வீண் சுமை. நான்காம் வகுப்பிலிருந்து இரண்டு மட்டும் போதும்: அந்த, இந்த, எந்த என்பவற்றின் பின், ஐ, கு என்னும் உருபுகளின் பின். அந்தப் பையன், பூனையைப் பார்த்தான், கடைக்குப் போனான். மற்றவற்றை மேல்வகுப்புகள் பார்த்துக்கொள்ளும்.

பேச்சிலிருந்து எழுத்துக்கு

தமிழ்க் குழந்தை எழுதக் கற்கும்போது ஏறக்குறைய இன்னொரு நடையையும் கற்கிறது. வீட்டில் யாரும் 'வந்துகொண்டிருக்கிறார்கள்' என்று பேசுவதில்லை. முதல் நாளிலிருந்தே எழுத்து நடையை வற்புறுத்தினால், குழந்தை தனக்குத் தெரிந்த நாலு பாடநூல் தொடர்களுக்குள் ஒடுங்கிவிடும். முதல் வரைவு பேச்சிலேயே இருக்கட்டும். எழுத்து நடை இரண்டாம் முறை எழுதும்போது வரட்டும்.

மூன்றாம் வகுப்பில் ஒரு குழந்தை இப்படி எழுதியிருப்பதாக வைத்துக்கொள்ளலாம்:

"எங்க வீட்டுல ஆடு குட்டி போட்டுச்சி. ரெண்டு குட்டி. ஒன்னு கருப்பு. அது அம்மாகிட்ட பால் குடிக்கல. நாங்க பாட்டில்ல குடுத்தோம்."

இதில் சிவப்பு மை போடத் தொடங்கினால் ஒவ்வொரு தொடரிலும் போடலாம். ஆனால் இது பசுக் கட்டுரையைவிடப் பல மடங்கு மேலான எழுத்து. உண்மையில் நடந்த ஒன்று இதில் இருக்கிறது; ஒரு சிக்கல் இருக்கிறது; அதற்கு வழி கண்ட செய்தியும் இருக்கிறது. ஆசிரியர் முதலில் செய்ய வேண்டியது கேட்பது. "ஏன் அது பால் குடிக்கல?" "கிட்ட போனா தாயாடு முட்டுது டீச்சர்." "அப்புறம் யாரு பால் குடுத்தது?" "ஆயாதான். மடியில வச்சிக்கிட்டு குடுத்தாங்க." "இதை நீ எழுதலையே." குழந்தை அந்த இரண்டையும் சேர்த்து எழுதி வரும். செய்தி நிறைந்த பிறகே மொழிக்குப் போக வேண்டும். அதிலும் அந்த வாரத்துக்கு ஒன்றே ஒன்று. 'போட்டுச்சி' என்பதை எடுத்துக்கொண்டால், போட்டுச்சி போட்டது ஆகும், வந்துச்சி வந்தது, ஓடுச்சி ஓடியது, அழுதுச்சி அழுதது. வகுப்பு முழுவதும் இந்த ஒரு மாற்றத்தைத் தங்கள் எழுத்தில் தேடித் திருத்துகிறது. அடுத்த வாரம் 'வீட்டுல' என்பது 'வீட்டில்' ஆகிறது. அதற்கடுத்த வாரம் 'ரெண்டு, ஒன்னு, குடுத்தோம்' ஆகியவை. ஓர் ஆண்டில் முப்பது மாற்றங்கள் கைவந்தாலே குழந்தை எழுத்து நடைக்குள் வந்துவிடும்.

கதைமாந்தர் பேசும் இடத்தில் மேற்கோள் குறிக்குள் பேச்சு மொழியை அப்படியே விட்டுவிடுவது நல்லது. ஆயா சொன்னதை ஆயாவின் சொல்லிலேயே எழுதலாம் என்று தெரிந்த குழந்தைக்கு எழுத்தில் ஒரு புதுத் துணிவு வரும்.

கிருஷ்ணகிரிப் பக்கத்தில் தெலுங்கோ கன்னடமோ பேசும் வீடுகளிலிருந்தும், வாணியம்பாடியில் உருது பேசும் வீடுகளிலிருந்தும் வரும் குழந்தைகளுக்குப் பேச்சுத் தமிழே புதிது. அவர்களிடம் எழுத்தை அவசரப்படுத்தாமல், கதை கேட்பதும் படத்தைப் பார்த்துப் பேசுவதும் சில மாதங்கள் முன்னால் நடக்க வேண்டும். வீட்டு மொழிச் சொல் ஒன்றைத் தமிழெழுத்தில் எழுதினால் அதை ஏற்றுக்கொள்வதில் நட்டம் எதுவும் இல்லை.

என்ன எழுதச் சொல்வது

நியூசிலாந்தில் மாவோரிக் குழந்தைகளுக்குக் கற்பித்த சில்வியா ஆஷ்டன் வார்னர், ஒவ்வொரு குழந்தையிடமும் அதற்கு வேண்டிய சொல் எது என்று கேட்டு, அதை ஓர் அட்டையில் எழுதிக் கொடுத்தார். அம்மா, பேய், சண்டை, முத்தம் போன்று அச்சமும் ஆசையும் கலந்த சொற்களைக் குழந்தைகள் ஒருமுறை பார்த்ததுமே பிடித்துக்கொண்டார்கள் என்று 1963இல் வெளிவந்த 'டீச்சர்' என்ற நூலில் விளக்கினார். தமிழ் வகுப்பறைக்கும் இது அப்படியே பொருந்தும். தீபாவளிச் சட்டை, பேருந்தில் வாந்தி எடுத்தது, மின்சாரம் போன இரவு, பல் விழுந்தது என்று எதைப் பற்றி வாயால் ஓயாமல் பேசுகிறார்களோ அதையே எழுதச் சொல்ல வேண்டும்.

தலைப்பு அகலமாக இருந்தால் எழுத்து வறண்டுவிடும். 'மழைக்காலம்' என்று கொடுத்தால், மழை நமக்கு நன்மை தருகிறது என்று தொடங்கி மூன்று வரியில் முடியும். 'நேற்று மழை பெய்தபோது பள்ளி வாசலில் என்ன நடந்தது' என்று கொடுத்தால் செருப்பு மிதந்தது, குடை திரும்பிக்கொண்டது, யாரோ வழுக்கி விழுந்தது என்று வந்துகொண்டே இருக்கும். முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்னும் சட்டகம் ஐந்தாம் வகுப்பின் பிற்பகுதி வரை தேவையில்லை. எழுதுவதற்கு ஒன்றும் இல்லாத குழந்தைக்கு அந்தச் சட்டகம் வெறும் மூன்று காலிப்பெட்டிகள்தாம். எழுதுவதற்கு முன் பத்து நிமிடம் பக்கத்துக் குழந்தையிடம் வாயால் சொல்லிப் பார்ப்பது எந்தச் சட்டகத்தையும்விடப் பயனுள்ளது.

வகுப்புவாரியான எதிர்பார்ப்பைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஒன்றாம் வகுப்பில் படத்துக்குப் பெயரும் ஒரு தொடரும். இரண்டாம் வகுப்பில் தொடர்புள்ள மூன்று தொடர்கள். மூன்றாம் வகுப்பில் நடந்ததை வரிசையாகச் சொல்லும் ஒரு பத்தி. நான்கு, ஐந்தாம் வகுப்புகளில் கடிதம், விடுப்பு விண்ணப்பம், செய்முறைக் குறிப்பு, கதை, நாட்குறிப்பு எல்லாம் வரலாம். இவற்றில் கடிதம் உண்மையாகவே அனுப்பப்பட வேண்டும். பக்கத்து ஊர்ப் பள்ளியின் ஐந்தாம் வகுப்புக்கு அஞ்சலட்டை எழுதிப் பதில் வந்தால், முகவரி எழுதும் முறையைத் தனியாக ஒரு பாடமாக நடத்த வேண்டியிராது.

திருத்துதல்

ஒரு நோட்டு முழுவதும் சிவப்பாகத் திரும்பி வந்தால், அடுத்த முறை குழந்தை தனக்கு நிச்சயமாகத் தெரிந்த சொற்களை மட்டுமே எழுதும். பிழை குறையும், எழுத்தும் குறையும். அதனால் ஒரு முறைக்கு ஒரே வகைப் பிழையை மட்டும் குறிக்க வேண்டும். அதற்கும் முன்பாக, எழுத்தில் உள்ள செய்தியைப் பற்றி ஒரு வரி எழுத வேண்டும். 'நன்று' என்று எழுதுவதில் செய்தி இல்லை. 'தாயாடு முட்டியதா? குட்டி இப்போது எப்படி இருக்கிறது?' என்று கேட்டால் குழந்தைக்குத் தெரியும்: தன்னை ஒருவர் படித்திருக்கிறார். அந்தக் கேள்விக்குப் பதிலாகவே அடுத்த எழுத்து வரும்.

கல்வி உரிமைச் சட்டப்படி 60 குழந்தைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். ஐந்து வகுப்புகளை இருவர் பார்க்கும் பள்ளியில் எல்லா நோட்டையும் தினமும் திருத்துவது நடக்காத காரியம். நாளொன்றுக்கு ஐந்தாறு குழந்தைகளை அருகில் அழைத்து, ஒவ்வொருவரோடும் மூன்று நிமிடம் அவர்கள் எழுதியதைப் பற்றிப் பேசினால், ஒன்றிரண்டு வாரத்தில் ஒரு சுற்று முடியும். வீட்டுக்குக் கொண்டுபோய்த் திருத்திய மூட்டை நோட்டுகளைவிட அந்த மூன்று நிமிடம் அதிகம் கற்பிக்கிறது. பல வகுப்புகள் ஒன்றாக இருப்பதும் எழுத்துக்கு வசதியே. ஐந்தாம் வகுப்புக் குழந்தை, ஒன்றாம் வகுப்புக் குழந்தை சொல்லும் கதையை எழுதிக் கொடுக்கலாம். இருவருக்கும் அது பாடம். 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் அரும்பு, மொட்டு, மலர் என்று குழந்தைகளை வகுப்பைவிட நிலையால் பிரிப்பதால் இத்தகைய குழுக்களை அமைப்பது எளிதாகியிருக்கிறது.

படிக்க ஆள் வேண்டும்

ஆசிரியர் ஒருவரே வாசகர் என்றால் குழந்தை திருத்தத்துக்காகவே எழுதும். 1920களில் பிரான்சின் சிற்றூர்ப் பள்ளி ஆசிரியர் செலஸ்தேன் ஃபிரெனே வகுப்பறையில் ஒரு சிறு அச்சுப்பொறியை வைத்தார். குழந்தைகள் தங்கள் எழுத்தைத் தாங்களே அச்சுக்கோத்து மற்றப் பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். அச்சாகப்போகிறது என்றதும் பிழை திருத்துவதில் அவர்களுக்கே அக்கறை வந்தது. தமிழ்ப் பள்ளிகளில் கையெழுத்து இதழும் சுவர் இதழும் நெடுங்காலமாக இதே வேலையைச் செய்கின்றன. மாதம் ஒன்று போதும். எல்லாக் குழந்தைகளின் பெயரும் ஆண்டுக்குள் இருமுறையாவது வர வேண்டும். அழகான கையெழுத்துக்காரரே எல்லாவற்றையும் படியெடுப்பது கூடாது. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் திருக்குறளுக்குப் பின் ஒரு குழந்தை தான் எழுதியதைப் படிக்கலாம். பள்ளிக் கல்வித் துறை தொடக்க வகுப்புகளுக்கென வெளியிடும் 'ஊஞ்சல்' இதழுக்கும் அனுப்பலாம்.

பின்தங்கும் குழந்தைகள்

இரண்டாம் வகுப்பு முடிந்தும் எழுத்துகளைத் திருப்பி எழுதுவது, ஒரே வரியில் ஒரே சொல்லை மூன்று விதமாக எழுதுவது, வாயால் அருமையாகக் கதை சொல்லும் குழந்தை தாளில் ஒரு வரியும் எழுத முடியாமல் திணறுவது ஆகியவை சோம்பலின் அடையாளங்கள் அல்ல. அங்கே கற்றல் குறைபாடு இருக்கக்கூடும். முதலில் கண்பார்வையையும் செவித்திறனையும் சோதிக்கச் செய்து, பிறகு வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரிடம் அனுப்ப வேண்டும். அதுவரை பத்து முறை எழுதிவரச் சொல்லும் தண்டனையை அறவே நிறுத்த வேண்டும். எழுதுவதை வெறுக்க வைப்பதற்கு அதைவிட விரைவான வழி இல்லை. அந்தக் குழந்தை வாயால் சொல்ல இன்னொருவர் எழுதட்டும். அதன் பெயரிலேயே அது சுவர் இதழில் வரட்டும். எழுத்துப் பயிற்சியை மணலிலும் பலகையிலும் மறுபடி தொடங்கி, நாளுக்கு ஒன்றிரண்டு சொற்கள் என்ற அளவில் வைத்து, மாத இறுதியில் பழைய தாளையும் புதிய தாளையும் பக்கத்தில் வைத்துப் பெற்றோருக்குக் காட்ட வேண்டும்.